முதல் ஈசிஜி எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது?

திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் உள்ள அலுவலகத்துக்கு,

மணவாள நகரிலிருந்து இந்த மடலை எழுதுகிறோம். தங்கள் மேசைக்கு நாள்தோறும் வரும் மனுக்களில் பட்டா இருக்கும், குடிநீர் இருக்கும், சாலை இருக்கும், முதியோர் உதவித்தொகை இருக்கும். மாரடைப்பில் போன மனிதருக்காகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு யாரும் மனுவோடு வருவதில்லை. விதி முடிந்தது என்று சொல்லி அழுது, காரியம் முடித்து, அடுத்த மாத வாடகைக்கு வழி தேடப் போய்விடுகிறார்கள். விதியின் கணக்கில் எழுதப்படும் இந்தச் சாவுகளில் ஒரு பங்கு நிர்வாகத்தின் கணக்கில் வரவேண்டியது என்பது எங்கள் எண்ணம். அதைத் தங்களிடம் நேரில் சொல்வதுபோல் சொல்லவும், மக்கள் உடனிருந்து படிக்கவும் இந்தத் திறந்த மடல்.

நாங்கள் கேட்பது புதிய கட்டடம் அன்று. புதிய திட்டமும் அன்று. நெஞ்சுவலி தொடங்கியது எத்தனை மணிக்கு, முதல் ஈசிஜி எடுத்தது எத்தனை மணிக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டது எத்தனை மணிக்கு, அடைப்பை நீக்கும் வசதியுள்ள மருத்துவமனையில் சேர்ந்தது எத்தனை மணிக்கு என்ற நான்கு நேரங்களை, இந்த மாவட்டத்தில் மாரடைப்பு வந்த ஒவ்வொருவர் விஷயத்திலும் தங்கள் அலுவலகம் கேட்கத் தொடங்க வேண்டும். மருந்து இருக்கிறது, வண்டி இருக்கிறது, திட்டங்கள் இருக்கின்றன. அந்த நேரத்துக்குப் பொறுப்பேற்க மட்டும் யாரும் இல்லை.

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே மணவாள நகர். பூந்தமல்லிச் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையும் இங்கே வந்து சேர்கின்றன. பக்கத்தில் காக்களூர் தொழிற்பேட்டை. தெற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள். விடியுமுன்பே கம்பெனி பஸ்களுக்கு ஆட்கள் நிற்பார்கள். அதே பஸ்கள் நைட் ஷிப்ட் முடித்தவர்களைக் கொண்டுவந்து இறக்கும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இந்தப் பக்கம் ஆலை நடத்திய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று ஓய்வுபெற்ற பெரியவர்கள்; அவர்கள் வயதுக்குச் சுகரும் பிரஷரும் இல்லாத வீடு அரிது. மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே இரும்பு உருக்கும் உலைகளின் முன்னே, வெக்கையில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நம்மூர்க்காரர்களோடு தோள் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். இத்தனை ஆயிரம் பேரின் உழைப்பால் ஓடும் மாவட்டம் இது.

மாரடைப்பின் கணக்கு எளிது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் ஒன்றில், உள்சுவரில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடிக்கிறது. அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசை சாகத் தொடங்குகிறது. ஒரே நொடியில் அது செத்துவிடுவதில்லை. மணிக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. செத்த தசை மீண்டும் உயிர் பெறாது. ஆகவே அடைப்பு எவ்வளவு சீக்கிரம் திறக்கிறதோ அவ்வளவு தசை மிச்சம். கட்டியைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரம் வரைக்கும் போடலாம் என்றாலும், அதன் முழுப் பலன் முதல் மூன்று மணி நேரத்துக்குள்தான். மருத்துவமனைக்கு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி, அடைப்பு உறுதியானால் அரை மணிக்குள் ஊசி என்பது உலகெங்கும் இருதய மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. உயிர் பிழைப்பது மட்டும் இதில் அடங்கவில்லை. பிழைத்தவர் மறுபடி படியேறி, மூட்டை தூக்கி, ஷிப்ட் பார்க்க முடியுமா, இல்லை நாலடி நடந்தாலே மூச்சு வாங்கி வீட்டில் உட்கார்ந்துவிடுவாரா என்பதும் அந்த முதல் மணி நேரங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்தியாவில் அந்த நேரம் எங்கே தொலைகிறது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. நாட்டின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் சேர்ந்த 20,468 நோயாளிகளைப் பின்தொடர்ந்து, பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் தலைமையில் நடந்த ஆய்வு 2008இல் லான்செட் இதழில் வெளியானது. வலி தொடங்கி மருத்துவமனை வாசலை மிதிக்கப் பாதிப்பேருக்கு 360 நிமிடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. வாசலை மிதித்தபின் ஊசி போட ஆன நேரமோ நடுவாக 50 நிமிடம்தான். மருத்துவமனைக்கு உள்ளே தாமதம் இல்லை என்று சொல்லவில்லை. 50 நிமிடமும் அதிகம்தான். ஆனால் ஆறு மணி நேரம் வாசலுக்கு வெளியே போயிருக்கிறது.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது, அதைத் தாங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டுகிறோம். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 விழுக்காடு, வசதி படைத்தவர்களில் 5.5 விழுக்காடு. ஏழைகளின் உடல்நிலை மோசமாக இருந்ததுதான் காரணமோ என்று ஆராய்ந்தார்கள். அது காரணமில்லை. கிடைத்த சிகிச்சையில் இருந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது, சாவில் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஒரே சிகிச்சை கொடுத்தால் ஏழையின் இதயமும் பணக்காரரின் இதயமும் ஒன்றுபோலவே பிழைக்கும். மாவட்ட நிர்வாகம் கையில் வைத்திருப்பது அந்தச் சிகிச்சையை ஒன்றாக்கும் அதிகாரம்.

வாசலுக்கு வெளியே போகும் அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது எங்கள் தெருக்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். நெஞ்சைப் பிசைகிறது, இடது தோள் கனக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. "வாயுப் பிடிப்பு, ராத்திரி சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கலை" என்று ஒரு சோடா, ஓமத் தண்ணீர், மெடிக்கல் ஷாப்பில் ஒரு கேஸ் மாத்திரை. கொஞ்சம் குறைந்ததுபோல் இருக்கும். ஷிப்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்பார்கள். இதை அறியாமை என்று சொல்லிவிட்டால் நிர்வாகத்தின் வேலை சுலபமாகிவிடும்; ஒரு விழிப்புணர்வுப் பேரணியோடு முடிந்துவிடும். ஆனால் காண்ட்ராக்ட் தொழிலாளி ஷிப்ட் நடுவில் போவதென்றால் அன்றைய கூலி போகும். அடிக்கடி போனால் ஆளையே மாற்றிவிடுவார்கள். வாயுவாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. வாயுவா இதயமா என்று பத்து நிமிடத்தில், காசில்லாமல், கூலி போகாமல் சொல்ல ஓர் இடம் அருகில் இருந்தால் அவர் போயிருப்பார். அந்த இடத்தை உண்டாக்குவதுதான் எங்கள் முதல் வேண்டுகோள்.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். அவர்களுக்கும் நெஞ்சுவலி வரும் என்றாலும், தாடையில் வலி, முதுகில் வலி, மேல்வயிற்றில் எரிச்சல், காரணமில்லாத மூச்சுத் திணறல், மிதமிஞ்சிய அசதி என்று வேறு முகங்களிலும் மாரடைப்பு வருகிறது. நீண்ட காலம் சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் ஒரு பெண் அசதியாக இருக்கிறது என்றால் யார் காதில் விழும்? அசெம்பிளி லைனில் நிற்கும் பெண் மயக்கம் என்று உட்கார்ந்தால் "சாப்பிட்டியாம்மா" என்றுதான் முதலில் கேட்பார்கள். அன்போடு கேட்கும் கேள்விதான். ஆனால் நாற்பது வயதைக் கடந்த பெண்ணிடம் அதோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரு ஈசிஜியும் எடுத்துவிட வேண்டும்.

இனி, தாங்கள் செய்யக்கூடியவை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் செவிலியரும் மருத்துவரும் பொறுப்பேற்கும் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 45ஆம் பிரிவிலேயே கூறியது. அந்த அறைகளில் கட்டுத்துணியும் டிஞ்சரும் இருப்பதைச் சரிபார்க்கிறார்கள். பன்னிரண்டு லீட் ஈசிஜி கருவி இருக்கிறதா, அதை எடுக்கத் தெரிந்தவர் மூன்று ஷிப்டிலும் இருக்கிறாரா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கருவி இன்று ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது, பேட்டரியில் இயங்குகிறது, படத்தைப் போனில் அனுப்ப முடிகிறது. ஒரு பெரிய ஆலைக்கு இதன் விலை ஒரு பொருட்டே அன்று. தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் மாவட்ட அலுவலர்களும் ஆலை நிர்வாகங்களும் தாங்கள் அழைத்தால் ஒரே மேசைக்கு வருவார்கள். சட்டம் ஈசிஜி என்ற சொல்லைச் சொல்லவில்லை என்று யாரேனும் வாதிடலாம். தாங்கள் கேட்டால் மறுக்கும் ஆலை இருக்காது என்றே நம்புகிறோம்.

காக்களூர்போன்ற தொழிற்பேட்டைகளில் இருபது பேர், நாற்பது பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகள்தான் ஏராளம். அவற்றிடம் ஆம்புலன்ஸ் அறை கேட்க முடியாது, சட்டமும் கேட்கவில்லை. பேட்டைக்கு ஒன்றாக, இரவிலும் திறந்திருக்கும் பொது முதலுதவி அறை வேண்டும். பேட்டைச் சங்கமும் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்தலாம். ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி எங்கெங்கோ பூங்காவாகவும் பேருந்து நிழற்குடையாகவும் செலவாகிறது. அதில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். மணவாள நகரிலும் அப்படி ஓர் அறை வேண்டும். துணை சுகாதார நிலையங்கள் பகலில் இயங்குபவை. மாரடைப்போ விடியற்காலையிலிருந்து முற்பகல் வரையில்தான் அதிகம் வருகிறது என்பது நாற்பது ஆண்டுகளாக மருத்துவம் அறிந்த செய்தி. நைட் ஷிப்ட் முடிந்து ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்குவதும், முதல் ஷிப்டுக்கு இன்னொருவர் ஏறுவதும் அதே வேளையில்தான்.

2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். நெஞ்சுவலியோடு வருபவருக்கு மேல் மருத்துவமனைக்கு அனுப்புமுன் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே கொடுக்கச் செய்த திட்டம் அது. சில ரூபாய் மாத்திரைகள் பெரிய மருத்துவமனையின் முதல் படியைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தன. அந்த மாத்திரைகளை ஆலை ஆம்புலன்ஸ் அறைகளுக்கும் நீட்டித்துத் தருமாறு வேண்டுகிறோம். எல்லா நெஞ்சுவலிக்கும் அவற்றைக் கொடுத்துவிட முடியாது. வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிபவருக்கும், பெருந்தமனி கிழிந்தவருக்கும் ஆஸ்பிரின் ஆபத்து. அதனால் மாத்திரையோடு ஈசிஜியும், அதைப் பார்த்துச் சொல்லும் மருத்துவரும் சேர்ந்தே வரவேண்டும். முதல் ஈசிஜி சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் கூடாது. வலி நீடித்தால் கால் மணி, அரை மணி இடைவெளியில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்; தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையிலும் அளவு ஏறச் சில மணி நேரமாகும் என்பதால், அதையும் இரண்டாம் முறை செய்தாக வேண்டும்.

ஈசிஜியை எடுப்பவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்று பிரிக்கலாம் என்பதைத் தமிழ்நாடே உலகுக்குச் செய்து காட்டியிருக்கிறது. கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று 2012 முதல் 2014 வரை நடத்திய ஆய்வு அது. ஊசி போடும் சிறு மருத்துவமனைகளையும், ஆஞ்சியோ செய்து அடைப்பை நீக்கும் பெரிய மருத்துவமனைகளையும் நான்கு கொத்துகளாக இணைத்தார்கள். சிறிய இடத்தில் ஈசிஜி எடுத்து, பெரிய இடத்துக்கு அனுப்பி, ஊசியை அங்கேயே போட்டு, பிறகு ஆம்புலன்ஸில் ஆஞ்சியோவுக்கு அனுப்பினார்கள். 2,420 நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தார்கள். 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இருதய இதழ் இதை வெளியிட்டது. நூறு பேரில் கூடுதலாக மூன்று பேருக்கு மேல் பிழைத்தார்கள். இருந்தவற்றை ஒன்றோடொன்று இணைத்ததில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் அவை.

அந்த இணைப்பை இந்த மாவட்டத்தின் நிலவியலுக்கு ஏற்ப வரைந்து தர வேண்டுகிறோம். மணவாள நகரில் விழுந்தவருக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட பதினொரு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. எங்கள் பெருமை அது. கும்மிடிப்பூண்டியில் விழுந்தவருக்கோ அது மாவட்டத்தின் மறுகோடி; அவருக்குச் சென்னையின் வடபகுதி மருத்துவமனைகளே வழிக்கு நேர். எந்த ஊரில் விழுந்தால் ஊசி எங்கே, ஆஞ்சியோ எங்கே, அந்த நேரத்தில் சாலை எப்படி என்பதெல்லாம் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் ஆலைப் பாதுகாவலருக்கும் ஒரே தாளில் எழுதித் தரப்பட வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் மாலை நேரத்தில், ஊசி போடாமல் "மேல் சிகிச்சைக்கு" என்று சென்னைக்கு எழுதிக் கொடுத்து அனுப்புவது தசையைச் சாகவிட்டு அனுப்புவதுதான். ஊசி போட்டபின் அனுப்புங்கள் என்ற ஒற்றைக் கட்டளை தங்களிடமிருந்து போகட்டும். அந்த மருந்து தீராமல் இருக்கிறதா என்று மருந்துக் கிடங்கின் கணக்கையும் தாங்கள் கேட்க வேண்டும். மாவட்டத்துக்குள் ஆஞ்சியோ செய்யும் ஏற்பாடு எதுவாயினும் அது இரவிலும் ஞாயிறன்றும் இயங்க வேண்டும்.

எங்கள் ஊர் வழியாகப் போகும் ரயில் பாதையிலேயே பெரம்பூர் இருக்கிறது. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை 1975இல் டாக்டர் கே. எம். செரியன் செய்தது அங்குள்ள ரயில்வே மருத்துவமனையில். ரயில்வே ஊழியர்களுக்காக ஒரு நிர்வாகம் நடத்திய மருத்துவமனை அது. தொழிலாளிக்கென்று கட்டிய இடத்திலேயே நாட்டின் தலைசிறந்த இருதய சிகிச்சை பிறக்க முடிந்திருக்கிறது. பின்னாளில் அவரே நமது மாவட்டத்தின் எளாவூரில், கும்மிடிப்பூண்டிக்கு அருகே, ஒரு மருத்துவ நகரம் எழுப்ப முனைந்தார். இந்தப் பகுதிக்கு இருதய மருத்துவம் அந்நியமானது அன்று என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அடுத்தது பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இந்த வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. இரண்டுக்கும் வெளியே நிற்பவர்கள் உண்டு. மாதம் 22,000 வாங்கும் தொழிலாளி இரண்டிலும் இல்லை. கம்பெனி தனியாகக் காப்பீடு எடுத்திருந்தால்தான் உண்டு. மாதம் 15,000 வாங்கும் காண்ட்ராக்ட் தொழிலாளியை ஒப்பந்ததாரர் இ.எஸ்.ஐ.யில் பதியாமல் விட்டால் அவரும் இரண்டிலும் இல்லை. அடைப்பு நீக்கிய குழாயில் வைக்கும், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என உச்சவிலை விதித்து நல்லது செய்தது. ஆனால் ஸ்டென்ட்டின் விலை ஒன்று, மருத்துவமனையின் மொத்த பில் வேறொன்று. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, சொந்த ஊர் நிலத்தை விற்று ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். வரம்புகளை உயர்த்துவது தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். ஒப்பந்ததாரர்கள் ஒவ்வொருவரும் தொழிலாளியைப் பதிந்திருக்கிறாரா என்று ஆலை வாசலில் முகாம் போட்டுச் சரிபார்ப்பது தங்கள் கையில் இருக்கிறது. வரம்புகளால் விடுபட்டவர்களின் எண்ணிக்கையைத் திரட்டி மேலிடத்துக்கு எழுதுவதும் தங்கள் கையில் இருக்கிறது.

அப்படி எழுதும்போது இன்னொன்றையும் பரிந்துரைக்க வேண்டுகிறோம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கிறது. அவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்ற கேள்வி இல்லை. உயிர்தான் முதலில், காகிதம் பிறகு என்ற அந்த நியாயம் சாலையில் விழுந்தவருக்குப் பொருந்துமானால், இயந்திரத்தின் முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கும் பொருந்தும். இந்தத் தொழிற்பகுதியை முன்னோட்டமாக எடுத்து, மாரடைப்புக்கும் முதல் 48 மணி நேரத்தை அரசு ஏற்க வேண்டும் என்று தாங்கள் எழுதினால், நாங்கள் எழுதுவதைவிட அது நூறு மடங்கு எடை பெறும்.

வருமுன் அறிவது பற்றியும் சொல்லியாக வேண்டும். வீடு தேடிச் செல்லும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் வந்தது. ஆலைகளுக்கே சென்று சுகரும் பிரஷரும் பார்க்கும் "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" 2024 ஜனவரியில் வந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனையைச் செய்துதர வேண்டியது முதலாளியின் கடமை என்று மத்திய அரசு அறிவித்தது. எல்லாம் நல்லவை. ஆனால் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் கணக்குப்படி, முதல் மாரடைப்பு வரும் வயது தெற்காசியர்களுக்குச் சராசரியாக 53. பிற நாட்டவர்க்கு ஏறக்குறைய 59. ஐம்பத்து மூன்றில் வெடிக்கும் திட்டு இளம் வயதிலேயே படியத் தொடங்கிவிடுகிறது. ஆகையால் இந்த மாவட்டத்து ஆலைகளில் 30 வயதிலிருந்தே பரிசோதனை தொடங்கத் தாங்கள் வற்புறுத்த வேண்டும். பரிசோதனையில் நோய் தெரிந்தவரை வேலையிலிருந்து நீக்குவதற்கு அந்தத் தாள் பயன்படக் கூடாது என்றும் எழுத்தில் உறுதி பெற வேண்டும். அந்த அச்சம் இருக்கும்வரை பிரஷர் பார்க்கும் மேசைக்கு முன்னால் வரிசை நீளாது.

ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரின் கதையைப் பெரும்பாலும் யாரும் பின்தொடர்வதில்லை. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை மருத்துவர் சொன்ன காலம்வரை ஒருநாளும் விடாமல் சாப்பிட வேண்டும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடுத்த அடைப்பு வரும். மாத்திரை வாங்க அரைநாள் லீவு போட வேண்டியிருப்பவர் மாத்திரையை விட்டுவிடுகிறார். ஷிப்ட் பார்ப்பவர் பகலில் தூங்குகிறார், அல்லது வேலையில் இருக்கிறார்; வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார். அவருக்குரிய மாத்திரை ஆலை மருத்துவ அறையிலேயே மாதந்தோறும் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். நோய் கண்ட ஆறு மாதத்துக்காவது நைட் ஷிப்டிலிருந்தும் உலைக்கு முன்னால் நிற்கும் வேலையிலிருந்தும் அவருக்கு விலக்குக் கிடைக்கப் பேசுங்கள். இ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கான கூடுதல் உதவித்தொகை உண்டு, சில இதய நோய்களும் அதில் சேரும் என்ற செய்தியே பலருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் தாளோடு அதையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இவை அனைத்தையும் நடக்கவைப்பது எது என்று யோசித்தபோது, தங்கள் அலுவலகம் ஏற்கெனவே செய்துவரும் ஒரு வேலைதான் எங்களுக்கு நினைவில் வந்தது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அது அந்த மருத்துவமனையின் பதிவேட்டோடு முடிவதில்லை. மாவட்ட அளவில் தணிக்கை நடக்கிறது. வலி கண்டது எப்போது, வண்டி வந்தது எப்போது, ரத்தம் கிடைத்தது எப்போது, எங்கே தாமதம் என்று மாவட்ட நிர்வாகத்தின் தலைமையே உட்கார்ந்து கேட்கிறது. தமிழ்நாட்டில் தாய்மார் இறப்பு குறைந்ததற்கு, ஊசிமருந்தோடும் 108 வண்டியோடும் அந்தக் கேள்விகளுக்கும் பங்குண்டு. கேள்வி வரும் என்று தெரிந்த இடத்தில் வண்டி சீக்கிரம் கிளம்புகிறது. மருந்து தீருமுன்பே வாங்கி வைக்கிறார்கள்.

மாரடைப்புக்கும் அப்படி ஒரு தணிக்கை வேண்டும். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைமை தங்களிடமே இருக்கிறது. மாதம் ஒருமுறை அறுபது வயதுக்கு உட்பட்டவர்களின் மாரடைப்பு மரணங்களை எடுத்து, மேலே சொன்ன நான்கு நேரங்களையும் நிரப்பிய தாளை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 108 சேவை, இ.எஸ்.ஐ., தொழிலகப் பாதுகாப்புத் துறை, ஆலைகள், தனியார் மருத்துவமனைகள் எல்லோரிடமும் கேளுங்கள். யாரையும் தண்டிப்பதற்காகக் கேட்க வேண்டாம். தண்டனை வரும் என்றால் நேரத்தைத் திருத்தி எழுதுவார்கள். எந்த ஊரில், எந்த ஷிப்டில், எந்தக் கட்டத்தில் நேரம் போகிறது என்று தெரிந்தால் அங்கே ஒரு ஈசிஜி கருவியோ ஓர் ஆம்புலன்ஸோ ஒரு செவிலியரோ வைக்க முடியும். பெயர்களை மறைத்து, நேரங்களை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்கள் முன் வைக்கவும் வேண்டுகிறோம்.

ஏற்கெனவே வேலைப்பளு தாங்காத மருத்துவர்கள்மீது இன்னொரு படிவத்தை ஏற்றலாமா என்ற தயக்கம் தங்களுக்கு வரக்கூடும். நியாயமான தயக்கம். ஒரே இரவில் எத்தனையோ பேரைப் பார்க்கும் ஜி.எச். அவசரப் பிரிவு மருத்துவரை நாங்கள் மதிக்கிறோம். அவர்மேல் எங்களுக்குக் குறை இல்லை. நாங்கள் கேட்கும் படிவத்தில் நான்கே நேரங்கள். அவற்றில் முதல் இரண்டுக்கும் இடையிலான தாமதம் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியே நேர்வது என்பதால், இந்தத் தாள் மருத்துவரை விசாரிப்பதைவிட அதிகமாக ஆலை வாசலையும் சாலையையும் விசாரிக்கும். ஆறு மணி நேரம் தாமதமாக வந்தவரைக் காப்பாற்றவில்லை என்று உறவினரின் கோபத்தை வாங்கிக்கொள்ளும் அந்த மருத்துவருக்கு அது துணையாகவே இருக்கும்.

தங்கள் தலைமையில் இதற்கான முதல் கூட்டத்தை வரும் மாதத்துக்குள் கூட்டுமாறும், மணவாள நகரிலும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இரவிலும் ஈசிஜி எடுக்கும் மூன்று இடங்களை அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யுமாறும், அதன் தேதியைப் பொதுமக்களுக்கு அறிவிக்குமாறும் பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறோம்.